37 சதவீத அமிலம், மூன்று விடைகள்: எது மோலாரிட்டி?

நீலலிட்மஸ் எழுதியது:

வணக்கம். 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு லிட்டர் தயாரிக்க வேண்டும். அடர் அமிலப் புட்டியின் மேல் 37 சதவீதம், அடர்த்தி 1.19, மோலார் நிறை 36.46 என்று அச்சிட்டிருக்கிறது. புட்டியில் இருப்பது எத்தனை மோலார் என்று தெரிந்தால்தானே எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்? என் கணக்கில் 10.15 வருகிறது. உடன் படிப்பவர் 12.08 என்கிறார். ஒரு கணிப்பானில் இதே எண்களை இட்டால் 16.1 என்று காட்டுகிறது. மூன்றிலுமே 36.46ஆல்தான் வகுத்திருக்கிறது. பிழை எங்கே?

பழைய பியூரெட் எழுதியது:

பிழை எண்ணில் இல்லை, தம்பி. மூன்று எண்களும் சரியானவையே. ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

அடர் அமிலப் புட்டியில் வெறுமனே 37 சதவீதம் என்று போட்டிருந்தால் அது நிறைக்கு நிறை. 100 கிராம் கரைசலில் 37 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு, மீதி 63 கிராம் நீர். இனி, கையில் எதை வைத்துக்கொண்டு மோலை எண்ணுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு கிலோ கரைசலை வைத்துக்கொண்டால் அதில் 370 கிராம் இருக்கிறது. 370 ÷ 36.46 = 10.15 மோல். இது உங்கள் விடை.

ஒரு லிட்டர் கரைசலை வைத்துக்கொண்டால் அதன் எடை 1190 கிராம். அதில் 37 சதவீதம் 440.3 கிராம். 440.3 ÷ 36.46 = 12.08 மோல். இது உங்கள் நண்பரின் விடை. இதுதான் மோலாரிட்டி.

ஒரு கிலோ நீரை, அதாவது கரைப்பானை மட்டும் வைத்துக்கொண்டால், 630 கிராம் நீருக்கு 10.15 மோல் என்பதால் 1000 கிராம் நீருக்கு 16.1 மோல். இது மோலாலிட்டி. கணிப்பானில் மோலார், மோலால் என்று அடுத்தடுத்து இரண்டு பொத்தான்கள் இருந்திருக்கும்.

'எவ்வளவு தூரம்' என்று கேட்பவரிடம் 'எங்கிருந்து' என்று திருப்பிக் கேட்காமல் விடை சொல்ல முடியுமா? செறிவும் அப்படித்தான். எத்தனை மோல் என்பதோடு, எதில் என்பதையும் சேர்த்தே எழுதிப் பழகுங்கள். கோட்டுக்கு மேலே இருப்பதை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுகிறார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பதில்தான் கவனம் தவறுகிறது.

உங்களுக்கு வேண்டியது லிட்டர் கணக்கு. 1000 × 1 ÷ 12.08 = 82.8 மி.லி.

நீலலிட்மஸ் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. 10.15ஐ வைத்து அளந்திருந்தால் 98.5 மி.லி. எடுத்திருப்பேன். (தம்பி இல்லை, தங்கை.)

சூத்திரதாரி எழுதியது:

இதற்கு இவ்வளவு நீளமான விளக்கம் தேவையா? ஒரே வரி போதும்: மோலாரிட்டி = சதவீதம் × அடர்த்தி × 10 ÷ மோலார் நிறை. இதை ஒரு அட்டையில் எழுதி ஆய்வக மேசையில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

98 சதவீத கந்தக அமிலம், அடர்த்தி 1.84, மோலார் நிறை 98.08: 18.4 மோலார்.
70 சதவீத நைட்ரிக் அமிலம், 1.42, 63.01: 15.8 மோலார்.
99.7 சதவீத அசிட்டிக் அமிலம், 1.05, 60.05: 17.4 மோலார்.
85 சதவீத பாஸ்பாரிக் அமிலம், 1.69, 98.00: 14.7 மோலார்.
28 சதவீத அம்மோனியா, 0.90, 17.03: 14.8 மோலார்.

பழைய பியூரெட் எழுதியது:

அட்டை நல்ல அட்டைதான். ஒட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த வரியில் வரும் 'சதவீதம்' நிறைக்கு நிறையாக இருந்தால் மட்டுமே அது செல்லும். நிறைக்குக் கனஅளவு என்று கொடுத்திருக்கும் புட்டிக்கும் அதே வரியைப் பயன்படுத்திப் பாருங்கள்.

20 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு என்று வைத்துக்கொள்வோம். நிறைக்குக் கனஅளவு என்றால் 100 மி.லி. கரைசலில் 20 கிராம். லிட்டருக்கு 200 கிராம். 40ஆல் வகுத்தால் நேராக 5 மோலார். இங்கே அடர்த்திக்கு வேலையே இல்லை. நிறைக்கு நிறை என்றால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.22, லிட்டருக்கு 244 கிராம், 6.1 மோலார். அட்டையைப் பார்த்துப் போடுகிறவர் முதல் புட்டிக்கும் 6.1 என்றே எழுதுவார். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம்.

உங்கள் பட்டியலின் கடைசி வரியிலும் ஒரு கண்ணி உண்டு. அம்மோனியா புட்டிகள் சிலவற்றில் 'அம்மோனியம் ஹைட்ராக்சைடு' என்று பெயர் இருக்கும். சதவீதம் மட்டும் அம்மோனியாவாகக் குறிக்கப்பட்டிருக்கும். பெயரைப் பார்த்து 35.05ஆல் வகுத்தால் 7.2 மோலார் என்று வரும். உண்மையில் இருப்பது அதைப்போல் இருமடங்குக்கும் அதிகம். அதே கரைசலை ஹைட்ராக்சைடாகக் கணக்கிட்டு 57.6 சதவீதம் என்று எழுதினால் 35.05ஆல் வகுக்கலாம். சதவீதம் எந்தப் பொருளுடையதோ அந்தப் பொருளின் மோலார் நிறையால்தான் வகுக்க வேண்டும்.

சூத்திரதாரி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அட்டையில் 'நிறைக்கு நிறை மட்டும்' என்று சேர்த்துவிடலாம். அதற்காக ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ, ஒரு லிட்டர் என்று கற்பனை செய்துகொண்டு உட்கார வேண்டும் என்பதை ஏற்கமாட்டேன்.

ஈரடி எழுதியது:

98 சதவீத கந்தக அமிலத்தின் மோலாலிட்டி என்ன என்று யாராவது போட்டுப் பார்த்தீர்களா? 2 கிராம் நீருக்கு ஒரு மோல். 500 மோலால். கரைப்பான் எது, கரைபொருள் எது என்பதே தலைகீழாகிவிடுகிறது.

நீலலிட்மஸ் எழுதியது:

82.8 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் ஆக்கிவிட்டால், புட்டியில் 1.000 மோலார் என்று எழுதி ஒட்டலாமா? பிப்பெட்டால் அளந்தால் போதுமா?

பழைய பியூரெட் எழுதியது:

எழுதக்கூடாது, தங்கையே. அந்த 37 என்பதே தோராயம்தான். புட்டிகளில் 36 முதல் 38 வரை என்றுகூடப் போட்டிருப்பார்கள். மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஹைட்ரஜன் குளோரைடு வாயு புகையாக வெளியேறுகிறது. அப்படிப்பட்ட திரவத்தைப் பிப்பெட்டால் நுட்பமாக அளப்பதில் பொருள் இல்லை. அளவுசாடியில் 83 மி.லி. எடுங்கள், போதும். புகையறைக்குள் வைத்து, கண்ணாடியும் கையுறையும் அணிந்து செய்யுங்கள். குடுவையில் முதலில் பாதிக்கு மேல் நீர் இருக்கட்டும், அமிலத்தை அதில் மெல்ல ஊற்றுங்கள். ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். கந்தக அமிலத்தில் மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். சூடு ஆறி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகுதான் கழுத்துக் கோடு வரை நீர் சேர்க்க வேண்டும். சூட்டோடு கோட்டைத் தொட்டுவிட்டால், ஆறியபின் மட்டம் கீழே இறங்கிவிடும்.

பிறகு தரம் பாருங்கள், அதாவது அளவு சரியாகத் தெரிந்த ஒரு பொருளோடு வினைபுரியவிட்டு உண்மையான செறிவைக் கண்டுபிடியுங்கள். நீரற்ற சோடியம் கார்பனேட்டைச் சுமார் 270 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, ஈரம் ஏறாமல் ஆறவைத்து, 1.325 கிராம் எடை போட்டால் அது 0.0125 மோல். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் என்பதால், நிறங்காட்டியான மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறும்போது 0.025 மோல் அமிலம் செலவாகியிருக்கும். அமிலம் சரியாக 1 மோலார் என்றால் 25.0 மி.லி. ஆகும். 24.6 மி.லி. ஆனால் 0.025 ÷ 0.0246 = 1.016 மோலார். அதை இன்னும் கொஞ்சம் நீர்விட்டு 1.000 ஆக்க முயல வேண்டாம். 1.016 என்றே எழுதி ஒட்டிவிடுங்கள். வகுத்தல் கணக்கில் 1.016க்கும் 1.000க்கும் உழைப்பு ஒன்றுதான்.

சோடியம் ஹைட்ராக்சைடுக்கும் இதே கதை. எடை போடும் தட்டிலேயே அது காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். நான்கு தசமம் வரை எடை போட்டதெல்லாம் வீண் பெருமை.

ஆலைக்காரன் எழுதியது:

வேறு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருபவர்களில் பாதிப்பேர் இதில் சறுக்குகிறார்கள். 'செறிவு ஒன்று × கனஅளவு ஒன்று = செறிவு இரண்டு × கனஅளவு இரண்டு' என்ற சமன்பாட்டை எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதில் நிறை சதவீதத்தைப் போட்டுவிடுகிறார்கள்.

37 சதவீத அமிலத்திலிருந்து 10 சதவீத அமிலம் 100 மி.லி. வேண்டும். சமன்பாட்டில் போட்டால் 10 × 100 ÷ 37 = 27.0 மி.லி. இப்போது நேராகக் கணக்கிடுவோம். 10 சதவீத அமிலத்தின் அடர்த்தி ஏறக்குறைய 1.047. எனவே 100 மி.லி. எடை 104.7 கிராம், அதில் 10.47 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு. அடர் அமிலத்தின் ஒரு மி.லி.யில் 0.4403 கிராம். 10.47 ÷ 0.4403 = 23.8 மி.லி. முதல் முறையில் 27 மி.லி. எடுத்தவருக்குக் கிடைத்திருப்பது 11.3 சதவீதம்.

சமன்பாடு பொய்யா? இல்லை. அதன் அடிப்படை, நீர் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் கரைபொருளின் அளவு மாறாது என்பதுதான். மோலாரிட்டியைக் கனஅளவால் பெருக்கினால் மோல் வருகிறது, சரி. நிறை சதவீதத்தை நிறையால் பெருக்கினால் கிராம் வருகிறது, அதுவும் சரி. நிறை சதவீதத்தை மி.லி.யால் பெருக்கினால் என்ன வரும்? ஒன்றும் வராது. அதற்குப் பெயர்கூடக் கிடையாது.

எங்கள் வேலையில் கூடியவரை எல்லாவற்றையும் தராசில் வைத்தே செய்கிறோம். 27.0 கிராம் அமிலம், 73.0 கிராம் நீர், 10 சதவீதம் தயார். அடர்த்தி அட்டவணையைப் புரட்ட வேண்டியதில்லை.

சூத்திரதாரி எழுதியது:

கனஅளவைக் கனஅளவோடு கூட்டுவதைப் பற்றியும் சொல்லுங்கள். 200 மி.லி. 0.5 மோலாரையும் 300 மி.லி. 0.2 மோலாரையும் கலந்தால் 0.100 + 0.060 = 0.160 மோல், 500 மி.லி., எனவே 0.32 மோலார் என்கிறோம். இதிலும் ஏதாவது குற்றம் கண்டுபிடிப்பீர்களா?

ஆலைக்காரன் எழுதியது:

நீர்த்த கரைசல்களுக்குக் குற்றமில்லை. இரண்டும் கிட்டத்தட்ட நீர்தான். ஆனால் 50 மி.லி. எத்தனாலையும் 50 மி.லி. நீரையும் கலந்து பாருங்கள். 100 வராது, ஏறத்தாழ 96 அல்லது 97 மி.லி.தான் வரும். எடை கூடும், கனஅளவு கூட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதனால்தான் 'நீர் 900 மி.லி. சேர்' என்பதும் 'ஒரு லிட்டர் வரை நீர் சேர்' என்பதும் வேறு வேறு கட்டளைகள்.

மெழுகுச்சீவல் எழுதியது:

நான் திசு ஆய்வுப் பக்கம். எங்களிடமும் ஒரு சதவீதக் குழப்பம் இருக்கிறது, பல தலைமுறை பழையது. திசுவைப் பதப்படுத்த '10 சதவீத ஃபார்மலின்' என்கிறோம். ஃபார்மலின் என்பதே நீரில் கரைந்த ஃபார்மால்டிஹைடு, ஏறக்குறைய 37 சதவீதம். அதில் ஒரு பங்கு எடுத்து ஒன்பது பங்கு திரவம் சேர்த்ததுதான் 10 சதவீத ஃபார்மலின். ஆக உள்ளே இருக்கும் ஃபார்மால்டிஹைடு 3.7 சதவீதம் மட்டுமே. 4 சதவீத ஃபார்மால்டிஹைடு என்று வேறொரு செய்முறையில் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதே கரைசல்தான்.

வேதியியல் படித்துவிட்டு வந்த ஒருவர், 10 சதவீத ஃபார்மால்டிஹைடு என்று எடுத்துக்கொண்டு லிட்டருக்கு 270 மி.லி. ஃபார்மலின் சேர்த்தார். கணக்கு அவர் வழியில் பிழையில்லாத கணக்கு. அறைக்குள் எங்களால் நிற்க முடியவில்லை.

நீலலிட்மஸ் எழுதியது:

அப்படியென்றால் 1:10 என்று எழுதியிருந்தால் ஒன்றுக்கு ஒன்பதா, ஒன்றுக்குப் பத்தா?

மெழுகுச்சீவல் எழுதியது:

எழுதியவரைக் கேட்க வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு பங்கை மொத்தம் பத்துப் பங்காக்குவதற்கும், ஒரு பங்கோடு பத்துப் பங்கு சேர்ப்பதற்கும் ஒரே குறியை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முறை நீர்த்தால் 9 சதவீதம் வித்தியாசம். தொடர் நீர்த்தலில் மூன்று முறை செய்தால் 1000 மடங்குக்குப் பதில் 1331 மடங்கு; செறிவு கால்வாசி குறைந்துவிடும். நான் எழுதும் செய்முறைகளில் '1 + 9' என்றே எழுதுகிறேன். அதில் யாரும் தடுமாறியதில்லை.

பழைய பியூரெட் எழுதியது:

இழை இவ்வளவு தூரம் வந்தும் நார்மாலிட்டியைப் பற்றி, அதாவது லிட்டருக்கு எத்தனை சமான நிறை என்ற கணக்கைப் பற்றி, யாரும் வாயைத் திறக்கவில்லையே. எங்கள் காலத்தில் எல்லாப் புட்டியிலும் அதுதான் இருந்தது.

சூத்திரதாரி எழுதியது:

வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. அனைத்துலக வேதியியல் ஒன்றியமே அதை ஊக்குவிப்பதில்லை. நீங்கள்தானே 'எதில்' என்று கேட்கச் சொன்னீர்கள்? நார்மாலிட்டியில் 'எந்த வினைக்கு' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை எடுங்கள். மோலார் நிறை 158.03. அமில ஊடகத்தில் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கிறது, எனவே சமான நிறை (மோலார் நிறையை அந்த எண்ணிக்கையால் வகுத்தது) 31.6. நடுநிலையில் மாங்கனீசு டை ஆக்சைடாக மாறும்போது மூன்றுதான், சமான நிறை 52.7. லிட்டருக்கு 3.16 கிராம் கரைத்த ஒரே புட்டி, ஒரு மேசையில் 0.1 நார்மல், அடுத்த மேசையில் 0.06 நார்மல். புட்டிக்குள் எதுவுமே மாறவில்லை. 0.02 மோலார் என்று எழுதிவிட்டால் எந்த மேசைக்குப் போனாலும் அது 0.02 மோலார்தான்.

பாஸ்பாரிக் அமிலம் இன்னும் மோசம். அதன் 1 மோலார் கரைசல் மெத்தில் ஆரஞ்சு போட்டால் 1 நார்மல், பினால்ஃப்தலீன் போட்டால் அதே கரைசல் 2 நார்மல்.

பழைய பியூரெட் எழுதியது:

இந்த முறை நீங்கள் சொல்வதே சரி. ஆனால் ஒரு வார்த்தை. நாள் முழுக்க ஒரே வினையைத் தரம் பார்க்கிறவருக்கு நார்மாலிட்டி கைக்கு இதமான கருவி. ஒன்றுக்கு இரண்டா, இரண்டுக்கு ஐந்தா என்ற விகிதம் ஏற்கெனவே அதற்குள் அடங்கியிருக்கிறது. பழைய செய்முறைகளில் '0.1 நார்மல் ஒரு மி.லி. இத்தனை மி.கி.க்குச் சமம்' என்று எழுதியிருப்பதைப் படிக்கவாவது அது தெரிந்திருக்க வேண்டும். அப்படிப் படிக்கும்போது அந்தச் செய்முறையின் வினையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான் அல்லது புரோட்டான் எண்ணிக்கையால் நார்மாலிட்டியை வகுத்தால் மோலாரிட்டி வந்துவிடும். மற்றபடி புதிதாகத் தயாரிக்கும் புட்டிகளில் மோலாரிட்டியை எழுதுங்கள், சண்டை வேண்டாம்.

ஆலைக்காரன் எழுதியது:

படிக நீரை விட்டுவிட்டீர்கள். 5 சதவீத காப்பர் சல்பேட் கரைசல் ஒரு கிலோ வேண்டும், கையில் இருப்பது நீலப் படிகம். நீரற்றதின் மோலார் நிறை 159.61, ஐந்து நீர் மூலக்கூறுகளுடன் 249.68. 50 கிராம் நீரற்ற உப்புக்கு 78.2 கிராம் படிகம் எடுக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். அடுத்ததைத்தான் மறக்கிறார்கள்: நீர் 950 கிராம் அல்ல, 921.8 கிராம். படிகத்தோடு வந்த 28.2 கிராம் நீரும் கரைப்பானில் சேர்ந்துவிடுகிறது. மோலாலிட்டிக் கணக்கிலும் இதே கழிவு உண்டு. மோலாருக்குக் கவலையில்லை, கோடு வரை நிரப்புகிறோம், குடுவையே பார்த்துக்கொள்ளும்.

கிணற்றுநீர் எழுதியது:

நீர்ச் சோதனை செய்பவன் என்ற முறையில் பிபிஎம் பற்றிச் சில வரிகள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எதில் ஒரு பங்கு? கிலோவுக்கு மில்லிகிராம் என்பதுதான் அதன் இயல்பான பொருள். குடிநீர் போன்ற நீர்த்த கரைசலில் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட ஒரு கிலோ என்பதால் லிட்டருக்கு மில்லிகிராம் என்று சொல்லிவிடுகிறோம். கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. அங்கே லிட்டருக்கு 1000 மி.கி. என்பது கிலோவுக்கு 976 மி.கி.தான். அடர்ந்த உப்புநீரில் இடைவெளி இன்னும் விரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல், எதை எண்ணுகிறோம் என்பது. குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு லிட்டருக்கு 50 மி.கி. அமெரிக்காவின் வரம்பு 10 மி.கி. முதல் பார்வைக்கு ஒன்று மற்றதைவிட ஐந்து மடங்கு கண்டிப்பானது போலத் தோன்றும். ஆனால் முதலாவது நைட்ரேட் அயனியின் எடை, இரண்டாவது அதிலுள்ள நைட்ரஜனின் எடை மட்டும். 62.00 ÷ 14.01 = 4.43. 50ஐ 4.43ஆல் வகுத்தால் 11.3. இரண்டு வரம்புகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. கருவியின் திரையில் 9 என்று தெரிந்தால், அது எந்த 9 என்று கையேட்டைப் பார்க்காமல் அறிக்கையில் எழுதாதீர்கள். நைட்ரஜனாக 9 என்றால் நைட்ரேட்டாக அது ஏறக்குறைய 40.

நீரின் கடினத்தன்மையிலும் இதுதான். கால்சியம் அயனியை 2.50ஆலும் மக்னீசியத்தை 4.12ஆலும் பெருக்கி, இரண்டையும் கூட்டி, 'கால்சியம் கார்பனேட்டாக' என்று எழுதுகிறோம். அந்த நீரில் அத்தனை கால்சியம் கார்பனேட் கரைந்திருக்கிறது என்று அதற்குப் பொருள் அல்ல. இரு அயனிகளையும் ஒரே அளவுகோலில் வைப்பதற்கான ஏற்பாடு அது.

ஈரடி எழுதியது:

வெப்பநிலை ஏறினால் மோலாரிட்டி குறையும், மோலாலிட்டி அசையாது. தேர்வில் இரண்டு மதிப்பெண்.

ஆலைக்காரன் எழுதியது:

எவ்வளவு குறையும் என்பதையும் சொன்னால் ஐந்து மதிப்பெண் தரலாம். நீர் 20 டிகிரியில் 0.9982, 30 டிகிரியில் 0.9956. பத்து டிகிரிக்குக் கால் சதவீதம். அளவுக் குடுவையில் 20 டிகிரி என்று பொறித்திருப்பதற்குக் காரணம் அதுதான். சாதாரணத் தரம் பார்த்தலில் கால் சதவீதம் பெரிதில்லை. நான்கு இலக்கத் துல்லியம் கேட்கும் வேலையில் பெரிது. உறைநிலைத் தாழ்வுக் கணக்குகளில் மோலாலிட்டியைப் பயன்படுத்துவதற்கும் வெப்பநிலையோடு மாறாத இந்தக் குணம் ஒரு காரணம்.

நீலலிட்மஸ் எழுதியது:

என் அமிலம் 1.009 மோலார் என்று வந்தது. அனைவருக்கும் நன்றி.

இப்போது அடுத்த வேலை. ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதக் கரைசல், நிறைக்குக் கனஅளவு, ஒரு லிட்டர் வேண்டும். புட்டியில் '100 வால்யூம், 30 சதவீதம்' என்று மட்டுமே இருக்கிறது. 30 எதில் 30 என்று போடவில்லை.

பழைய பியூரெட் எழுதியது:

நல்ல கேள்வி. அந்த 100 வால்யூம் என்பதே விடையைச் சொல்லும். ஒரு லிட்டர் கரைசல் முழுவதும் சிதைந்தால் 100 லிட்டர் ஆக்சிஜன் கிடைக்கும் என்று பொருள். இது பழைய வழக்கு, எனவே ஒரு மோல் வாயுவுக்குப் பழைய 22.4 லிட்டரையே போடுங்கள். (1982க்குப் பிறகு திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியதால் 22.7 என்று இப்போது எழுதுகிறார்கள். இதில் கலந்துவிடாதீர்கள்.) 100 ÷ 22.4 = 4.46 மோல் ஆக்சிஜன். இரண்டு மோல் பெராக்சைடுக்கு ஒரு மோல் ஆக்சிஜன், ஆக 8.93 மோலார். 34.01ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 304 கிராம். எனவே அந்த 30, நிறைக்குக் கனஅளவு.

நிறைக்கு நிறை 30 என்றிருந்தால் அடர்த்தி 1.11ஐப் பெருக்க வேண்டும்: லிட்டருக்கு 333 கிராம், 9.79 மோலார், வால்யூமில் 110.

சூத்திரதாரி எழுதியது:

அச்சிட்டதை நம்ப வேண்டாம், பெராக்சைடு புட்டியிலேயே சிதைந்துகொண்டிருக்கும். 1 மி.லி.யை 250 மி.லி. ஆக்கி, அதில் 25 மி.லி. எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 0.02 மோலார் பெர்மாங்கனேட்டால் தரம் பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்க்காதீர்கள், குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்றுவிடும். இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து பெராக்சைடு. 8.93 மோலார் என்றால் 17.9 மி.லி. செலவாகும், 9.79 என்றால் 19.6 மி.லி. ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை.

பழைய பியூரெட் எழுதியது:

சூத்திரதாரி இன்று அட்டையைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார்.

நீலலிட்மஸ் எழுதியது:

17.2 மி.லி. ஆனது. 0.344 மில்லிமோல் பெர்மாங்கனேட், அதற்கு 0.86 மில்லிமோல் பெராக்சைடு, அது புட்டியின் 0.1 மி.லி.யில் இருந்தது. ஆக 8.6 மோலார், லிட்டருக்கு 292.5 கிராம், ஏறக்குறைய 96 வால்யூம். ஒரு லிட்டருக்கு 30 கிராம் வேண்டும் என்பதால் 30 ÷ 292.5 = 0.1026 லிட்டர். 102.6 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்குகிறேன். சரிதானே?

பழைய பியூரெட் எழுதியது:

சரி. தரம் பார்த்த தேதியையும் புட்டியில் எழுதுங்கள். பழுப்புப் புட்டியில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வாயு வெளியேற வழி வேண்டும்.